‘ஃப்ரீ’ படிப்பு: மாமாவுக்கு ஒரு கடிதம்

ஆகன், ஜெர்மனி

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் சுகம். அத்தைக்கு முட்டுவலி தேவலையா?

சின்னவனும் மாஸ்டர்ஸ் படிக்க இங்கே வரப்போகிறானாமே! “அங்கெல்லாம் படிப்பு ஃப்ரீ” என்று தேரடி வரைக்கும் சொல்லிவிட்டீர்களாம். அம்மா போனில் சொன்னாள். கொஞ்சம் பொறுங்கள் மாமா.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது மெய்தான். செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு 2017-லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்கு 4,000, 6,000 என்று போகிறது. அவனுடைய லிஸ்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

அடுத்து, பிளாக்டு அக்கவுண்ட். விசாவுக்கு முன்பே 11,904 யூரோ அதில் போட்டாக வேண்டும். நம் காசில் பத்து லட்சத்தைத் தாண்டும். மாதம் 992 யூரோதான் அவன் கைக்கு வரும். பணம் உங்களுடையது, கணக்கு அவன் பேரில், அவசரத்துக்கு இரண்டு பேருமே தொட முடியாது. நம் பாட்டியின் சுருக்குப்பையை ஜெர்மன்காரர்கள் சட்டமாகவே போட்டுவிட்டார்கள்!

மார்க் விஷயமும் சொல்லிவிடுகிறேன். இங்கே 1 வாங்கியவன் கெட்டிக்காரன், 4 பாஸ், 5 ஃபெயில். அவன் “1.3 வாங்கினேன்” என்று போன் செய்தால் செருப்பைத் தேடாதீர்கள். தெருவுக்கே பால்கோவா கொடுங்கள்.

பாடம் இங்கிலீஷில் இருக்கலாம். தபால்பெட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. வருகிற கடுதாசி எல்லாம் ஜெர்மன்தான், அதுவும் வாரத்துக்கு ஒன்றாவது வரும். இமெயில் கண்டுபிடித்த சேதி சில அலுவலகங்களுக்கு இன்னும் எட்டவில்லை. வீட்டில் டிவி இல்லை, ரேடியோ இல்லை. இருந்தும் ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லித்தான் முதல் கடுதாசியே வந்தது. வீட்டுக்கு ஒன்று என்பதால் கூட இருக்கிற பெண்களோடு பங்கு போட்டுக்கொள்கிறோம். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் இப்போதே ஜெர்மன் வகுப்பில் சேரச் சொல்லுங்கள்.

வந்து இறங்கியதும் வேறு கூத்து. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பதிந்த தாளைக் காட்டினால்தான் பல வங்கிகள் கணக்கு திறக்கும். வங்கிக் கணக்கு எங்கே என்று வீட்டுக்காரர் கேட்பார். இந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்பதுதான் முதல் செமஸ்டரின் நிஜமான பாடம். அதனால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றைக்கே மாணவர் விடுதிக்கு எழுதிப் போடட்டும். காத்திருப்போர் வரிசை அனுமார் வால்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: நெய், பால்கோவா கட்ட வேண்டாம். வெளியிலிருந்து பால் பண்டம் கொண்டுவர ஐரோப்பாவில் தடை, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். பருப்புப்பொடி தாராளமாக வரலாம். எனக்கும் சேர்த்து.

சூட்கேஸ் வாங்குவதெல்லாம் அப்புறம். முதலில் ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற அலுவலகம் அது, டெல்லியில் இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து அந்தச் சான்று இல்லாமல் மாணவர் விசா விண்ணப்பத்தையே வாங்குவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
செல்வி