கிழங்கு வெந்துவிட்டதா?

உலக சினிமா என்றாலே ஆமை வேகம்தானா? (கும்பகோணம் வாசகர்)

குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம். கடைசியில் மழையிலும் சேற்றிலும் ஒரு சண்டை வரும். அப்போது எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் பார்க்கலாம்.

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு படம்? மழுப்பக் கூடாது! (திருச்சி வாசகி)

இந்த வாரத்து நிலவரப்படி 'ஜான் டீல்மன்' (1975). பெல்ஜியத்துக்காரர் ஷாந்தால் அக்கர்மன் எடுத்தது. படம் முதன்முதலில் திரையிடப்பட்டபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. மகனோடு வாழும் ஒரு விதவை. மூன்று நாள் வீட்டு வேலை. மூன்று மணி இருபத்தொரு நிமிடம். பிழைப்புக்காக அவள் வீட்டுக்கு ஆண்கள் வந்து போகிறார்கள். முதல் இரண்டு நாளும் அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கு தோல் சீவுவதை முழுசாகக் காட்டுகிறார் அக்கர்மன். இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவள் வீடு முழுக்க அலைகிறாள். வேறு படங்களில் வெடிகுண்டு வெடிக்கிற இடம் அது. நம்புங்கள், எனக்கு வியர்த்தது. என்னோடு பார்த்த அம்மா, "பாவம், அடுப்பை அணைக்க மறந்துட்டா. ஏதோ மனசு சரியில்ல அவளுக்கு" என்றாள். பத்துப் பக்க விமர்சனம் சொல்வதும் இதைத்தான்.

பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கும். 2022-ல் 'வெர்டிகோ', 'சிட்டிசன் கேன்' எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் வாங்கியது இந்தக் கிழங்குதான்.

உருளைக்கிழங்கு இல்லாத படமாக ஒன்று? (அதே வாசகி)

பேலா தாரின் 'டூரின் ஹார்ஸ்' (2011) பாருங்கள்... மன்னிக்கவும், அதிலும் அப்பாவும் மகளும் தினமும் அவித்த கிழங்குதான் சாப்பிடுகிறார்கள்.

'பாரசைட்' நம்ம 'மின்சார கண்ணா'தானே? (மதுரை வாசகர்)

ஒரு குடும்பமே பணக்கார வீட்டுக்குள் வேலைக்காரர்களாக நுழையும். அதுவரை சரி. 1999-ல் நம் ஆட்கள் காதலுக்காக நுழைந்தார்கள். 2019-ல் கொரியக் குடும்பம் சோற்றுக்காக நுழைந்தது. வாசல் ஒன்று, பசி வேறு.

'ராஷோமோன்' பாணியில் தமிழில் உண்டா? (சேலம் வாசகர்)

1954-லேயே 'அந்த நாள்' வந்துவிட்டது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 'ராஷோமோன்' எடுத்த குரோசவா எது உண்மை என்று சொல்லாமலே விட்டார்; நம் படத்தில் சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் ஆளைப் பிடித்தே விட்டார். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் வருத்தம்தான். படத்தில் ஒரு பாட்டு கிடையாது. இயக்கியவர் யார் தெரியுமா? வீணை எஸ். பாலசந்தர்!

ஆறாவது படிக்கும் மகளுக்கு எதைக் காட்டலாம்? (ஈரோடு வாசகர்)

கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987). நண்பனின் நோட்டு தவறுதலாகத் தன் பைக்குள் வந்துவிட்டது. நாளை வீட்டுப்பாடம் இல்லையென்றால் வாத்தியார் அவனை வெளியே அனுப்பிவிடுவார். திருப்பிக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான் ஒரு பொடியன். வழியில் சந்திக்கும் பெரியவர்களில் அவன் சொல்வதைக் காதில் வாங்குபவர்கள் ரொம்பக் குறைவு. மகளோடு நீங்களும் உட்காருங்கள். கொஞ்சம் உறுத்தும், பரவாயில்லை.

எனக்கு இந்தப் படங்களில் தூக்கம் வருகிறதே? (நாகர்கோவில் வாசகர்)

தாராளமாகத் தூங்குங்கள். தூங்கவைக்கும் படங்கள்தான் தனக்குப் பிடிக்கும் என்று கியாரோஸ்தமியே சொல்லியிருக்கிறார். குறட்டை மட்டும் வேண்டாம், சப்டைட்டில் படிக்கிறவர்களுக்கு இடைஞ்சல்.

ஓசு ஏன் கேமராவைத் தரையோடு தரையாக வைக்கிறார்? (தஞ்சாவூர் வாசகி)

வீட்டார் பாயில் உட்கார்ந்து பேசும்போது விருந்தாளி மட்டும் நின்றுகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பாருங்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கவனிக்கப் பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் கணவனை இழந்த மருமகள்தான் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள்.

ஓசு கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஆனால் 'லேட் ஸ்பிரிங்' (1949) முடிவில், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த அப்பா தனியாக உட்கார்ந்து ஆப்பிளுக்குத் தோல் சீவுவார். தோல் நீளமாகச் சுருண்டு விழும். கை நின்றுவிடும், தலை குனியும்.

கிழங்கில்லை, கவனியுங்கள். ஆப்பிள்.