துப்பாக்கி கேட்ட அத்தானுக்கு

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு மைத்துனன் எழுதிக்கொண்டது. அக்காவின் முழங்கால் வலியும் தங்கள் கடலைக் கொல்லையும் எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

தங்கள் கடிதத்தைக் கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலில் பிரித்தேன். முதல் பக்கத்தில் பேரனின் காதுகுத்தும் இரண்டாம் பக்கத்தில் காட்டுப்பன்றிகள் கொல்லையை உழுதுவிட்டுப் போன விஷயமும் இருக்க, மூன்றாம் பக்கத்தில், “விலை சகாயமாகவும் எல்லாவற்றுக்கும் உபயோகப்படும்படியாகவும் ஒரு பம்ப் கன் பார்த்து, வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும்” என்று, கோடாரித் தைலம் கேட்கிற சாவதானத்தோடு தாங்கள் ஒரே வரியில் எழுதியிருந்ததைக் கண்டதும், பக்கத்தில் இருந்தவர் தமிழராயிருந்து அதைப் படித்துவிட்டாரோ என்ற கிலியில் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவன், சுபாங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வரையில் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு மெதுவாக யோசித்துப் பார்த்தால், ‘எல்லாவற்றுக்கும்’ என்ற அந்தச் சொல்லில் பன்றி, குரங்கு, மயில், திருடன், கோயில் திருவிழா ஆகிய ஐந்தும் அடக்கம் என்று தோன்றுகிறது. இவற்றுள் மயில் நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முருகனுடைய வாகனமும் ஆகும். அதைச் சுட்டுவிட்டு அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருவதாகத் தாங்கள் சொல்லியிருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆனாலும் தாங்கள் கேட்டதைத் தட்டிக் கழித்தேன் என்ற பெயர் வரக்கூடாதல்லவா? தெங்கு கிளானா சாலையில் நான் கணக்கு எழுதும் நகைக் கடையின் வாசலில் காவல் இருப்பவர் ஓய்வு பெற்ற மலாய்ப் படைவீரர். காவலாளியை இங்கே ‘ஜாகா’ என்பார்கள்; நாங்கள் அவரைப் ‘பாக்சிக்’, அதாவது சித்தப்பா என்று அழைக்கிறோம். அவர் மடியில் குறுக்கே கிடப்பது தாங்கள் கேட்ட அதே சாமான். குழலுக்கு அடியில் இடக்கை பிடிக்கும் கட்டையில் வரிவரியாகச் செதுக்கியிருக்கிறது. பாக்சிக்கின் உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் அந்த வரிகள் தேய்ந்து, அம்மி போல வழவழவென்று ஆகிவிட்டன. அந்தக் கட்டையைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதியது உள்ளே ஏறும். நம் ஊர்ச் சைக்கிள் கடைப் பம்பைப் பக்கவாட்டில் பிடித்து அடிப்பதாக நினைத்துக்கொண்டால் இயந்திர ரகசியம் முழுவதும் விளங்கிவிடும். பெயரும் அதனால்தான்.

விலை சகாயம் என்று தாங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. அமெரிக்கரான பிரௌனிங் அமைத்துக் கொடுத்த மாதிரியை 1897-ல் வின்செஸ்டர் கம்பெனி திருத்தி வெளியிட்டதிலிருந்து இந்த வகை பிரசித்தமாயிற்று. 1950-ல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கு மேல் செய்து விற்கப்பட்டிருக்கிறது. மாஸ்பெர்க் 500 என்பது அதற்குப் போட்டி, அதன் பாதுகாப்பு விசை மேல்முதுகில் இருப்பதால் இடக்கைக்காரருக்கும் சௌகரியம். அக்கா இடக்கைக்காரி என்பது ஞாபகம் வந்து இதைக் குறித்து வைத்தேன். பிறகு அந்த யோசனை எங்கே போய் முடியும் என்று பயந்து அடித்துவிட்டேன். ‘பன்னிரண்டு போர்’ என்பதற்கும் அர்த்தம் கேட்டிருந்தீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் குறுக்களவே குழலின் வாய் அளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். கொக்குக்குப் பொடி ரவை, பன்றிக்குப் பெரிய ரவை என்று தோட்டாவை மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் ‘எல்லாவற்றுக்கும்’ என்ற கீர்த்தி இதற்கு வந்தது. இந்நாட்டில் பழத்தோட்டம் வைத்திருக்கும் கிராமத்தார் பயிர்க்காப்புக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பதோ இது அல்ல. நடுவில் ஒடித்துத் தோட்டா போடும் ‘செனாப்பாங் பாத்தா’. பாத்தா என்றால் மலாயில் ஒடிந்தது என்று பொருள். பன்றிக்கு அதுவே போதும் என்பது பாக்சிக்கின் அபிப்பிராயம்.

கனம் எவ்வளவு என்று கேட்டேன். மூன்று கிலோவுக்குச் சற்று மேல் என்றார். பிறகு, தூக்கக் கனமாக இருப்பது துப்பாக்கி அல்ல, அதன் காகிதம் என்று சிரித்தார். காலையில் தோட்டாவை எண்ணிக் கையெழுத்து, மாலையில் எண்ணிக் கையெழுத்து. ஒன்று குறைந்தால் அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர முடியாது. இத்தனை வருஷத்தில் அவர் இந்த வாசலில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பக்கத்துக் கடைக்காரர் சரவெடி கொளுத்திய ஒரு தீபாவளியன்று மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாராம்.

இனித் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. இங்கே 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்று. அதற்கு மேல், தண்டனையைக் கூட்டுவதற்கென்றே 1971-ல் இன்னொரு சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ஒரு துப்பாக்கி வைத்திருந்தால் பதினான்கு வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான், அதாவது பிரம்படி. ஐம்பது வயதைக் கடந்த ஆடவருக்குப் பொதுவாகப் பிரம்படி கிடையாது என்று நடைமுறைச் சட்டம் சொல்வதால், ஐம்பத்தெட்டு வயதான நான் ஒருவாறு தப்பலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வருகிற தங்கள் மகன் தப்ப முடியாது. கடிதத்தின் ஓரத்தில், “முடிந்தால் தம்பிக்கும் சகலைக்கும் ஒவ்வொன்று” என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கு மேல் வைத்திருப்பவன் ஆயுத வியாபாரி என்றே அந்தச் சட்டம் அனுமானம் செய்துகொள்ளும். வியாபாரிக்கு உரிய தண்டனைகளில் 2023 வரை தூக்கும் ஒன்றாக இருந்தது. இப்போது தூக்கு இல்லையென்றாலும், தங்கள் சகலைக்காக நான் அவ்வளவு தூரம் போகத் தயாராயில்லை.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் உண்டு. நம் தம்பிக்கோட்டையில் பிறந்து இங்கே தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த மலேயா கணபதியை, துப்பாக்கியும் ரவைகளும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக வெள்ளைக்காரன் தூக்கிலிட்டது 1949 மே 4-ஆம் தேதி. 1948-ல் பிறப்பித்த அவசரகாலச் சட்டம் அப்படி. இந்திய அரசாங்கம் பரிந்து பேசியும் பலிக்கவில்லை. அவரைத் தூக்கிலிட்ட புடு சிறையை இடித்து, அங்கே இப்போது பெரிய அங்காடி கட்டியிருக்கிறார்கள்; பழைய வாயில் மட்டும் நிற்கிறது. அங்கே சட்டை வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வாயிலைத் தாண்டித்தான் போகிறேன்.

ஆகவே, அத்தான், நம் நாட்டிலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கேட்டு மனுப் போடுவது ஒன்றே வழி. கிடைத்துவிட்டால், வங்காளத்து ஈசாப்பூர்த் தொழிற்சாலையிலேயே பம்ப் கன் செய்கிறார்கள். அதைக் கடல் கடந்து என்னிடம் கேட்பது, பட்டுக்கோட்டைக்காரர் கிள்ளானிலிருந்து தேங்காய் தருவிப்பது போல. காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட பிராணிதான் என்பதால், கையில் லைசென்ஸ் இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் சுட முடியாது. அதுவரையில் பரண்மேல் ஏறித் தகர டப்பா தட்டவும். குரங்குக்கு அதுவும் பலிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கப்பல் பார்சலில் நாலு கட்டை டார்ச் லைட் ஒன்றும், அக்கா முழங்காலுக்குக் கோடாரித் தைலம் ஆறு குப்பியும் அனுப்பியிருக்கிறேன். சுங்கத்தில் யாராவது விசாரித்தால், உள்ளே இருப்பது அவ்வளவுதான் என்று தைரியமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்