காதால் கியர் பார்ப்பவர்

லாரி நிற்கிற ஊர் எதுவானாலும் அங்கே இவர் ஒருவர் இருப்பார். பட்டறை இவருடையதல்ல. கையில் ஸ்பேனர் இல்லை, உடம்பில் கிரீஸ் இல்லை. செஞ்சியில் இவருக்கு வாய்த்த இடம் திருவண்ணாமலை சாலையோர டீக்கடை பெஞ்சு. முகம் தினத்தந்தியில் இருக்கும், காது சாலையில் இருக்கும். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகிற லாரி மூன்றாவது கியரில் முனகினால் கிளாஸைக் கீழே வைப்பார்.

"லே ஷாஃப்ட் பேரிங். பொங்கல் தாண்டாது."

லாரிக்காரர் இவரைக் கேட்கவில்லை. லாரி போயே போய்விட்டது. அதனாலெல்லாம் தீர்ப்பு ரத்தாகாது. பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள் சாட்சி.

ஊரில் 'வாத்தியார்' என்றுதான் பேர். இளமையில் லாரி ஓட்டியவர். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் பழைய வண்டிகளில் டபுள் கிளட்ச் போட்டுக் கற்றவர். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டிய காலம் அது. நேரம் தப்பினால் பல்லும் பல்லும் மோதி ஊரையே எழுப்பும். அப்படிப் பழகிய காது சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற பிறகும் டியூட்டி பார்க்கிறது.

இவரைக் கேலி பண்ணிவிட்டுப் போவது சுலபம். சங்கடம் என்னவென்றால், கையால் கியர் போடும் வண்டிகளில் இவர் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதித்த பிறகுதான் சத்தமே வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங். எல்லாக் கியரிலும் ஊளையிட்டு, நேரடி டாப் கியரில் மட்டும் அமைதியானால் கியர்பாக்ஸின் துணைத் தண்டான லே ஷாஃப்டின் பேரிங். டாப்பில் என்ஜின் சுழற்சி நேராகப் பின்னால் போய்விடுவதால் லே ஷாஃப்டுக்குச் சுமை இல்லை. ஜமுனாமரத்தூர் மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் எகிறி நியூட்ரலுக்கு வருகிறதா? கியரைக் கவ்வும் பல் தேய்ந்திருக்கலாம், லாக் ஸ்பிரிங் ஓய்ந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கடன் வாங்கி, முனையை ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாராவது ஹாரன் அடித்தால் அவன் குலத்துக்கே விளக்கம் கிடைக்கும்.

இந்த ராஜ்ஜியத்தைக் கவிழ்க்க வந்ததுதான் ஆட்டோமேட்டிக்.

2014-ல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. கியருடன் வந்தபோது அவர் பதறவில்லை. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதில் இயந்திரம் மாற்றுகிறது, அவ்வளவே. உள்ளே கிளட்ச் பிளேட் இருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாக டீ குடித்தார். உண்மையான சோதனை வேறு. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரா மேட்டிக்' என்று விற்க ஆரம்பித்து, இரண்டாம் உலகப் போரில் எம்5 டாங்கிக்குள் வரை போன அந்த எண்ணெய்க் கியர்பாக்ஸ் வம்சம். அங்கே பல்லோடு பல் மோதி நியாயம் கேட்பதில்லை. எண்ணெயின் அழுத்தம்தான் பிளேட்டுகளை இறுக்குகிறது, விடுகிறது. கோளாறு வந்தால் பெரும்பாலும் சத்தமே போடாது. காதை நம்பிப் பிழைப்பவருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டையைப் பார்க்க ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பிக்-அப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாண மகாலைப் பார்த்துவிட்டுக் குடும்பம் திரும்பி வருகிறது. என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. லிவரை டி-யில் போட்டால் என்ஜின் அலறுகிறதே தவிர வண்டி நகரக் காணோம்.

வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார். எழுந்தாலே கூட்டம் சேரும்.

"இன்னா சார், இழுவை இல்லியா? கிளட்ச் பிளேட்டு போச்சு."

"ஐயா, இதுல கிளட்ச் பெடலே இல்ல."

"பெடல் இல்லாட்டி பிளேட்டு இல்லேன்னு ஆயிடுமா?"

விஷயம் தெரியாமல் சொன்னாலும் இது உண்மை. ஆட்டோமேட்டிக்குக்குள் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கடுக்காக எண்ணெயில் ஊறிக்கிடக்கின்றன. ஆனால் கூட்டத்துக்கு விவாதம் போதாது, வேலை வேண்டும். "தள்ளுங்கடா!" என்று ஒரு குரல். என்ஜினே அணைந்துபோய்த் தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்த்தாலும் இந்த வண்டியில் அது நடக்காது. கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுவது என்ஜின். என்ஜின் சுற்றாவிட்டால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாவிட்டால் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் பந்தம் இல்லை. இருபது பேர் சேர்ந்து திண்டிவனம் வரை தள்ளினாலும் உருளும், ஸ்டார்ட் ஆகாது.

இனிதான் வாத்தியாரின் மேதமை வெளிப்படும். காது கைவிட்டதும் மூக்குக்கு மாறுவார். பானெட்டைத் திறக்கச் சொல்வார். முதலில் இழுப்பது என்ஜின் ஆயில் குச்சியை; அதைப் பார்த்து "சுத்தமா இருக்கு" என்று தலையாட்டிவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்ற நம்பிக்கையில் அடுத்த குச்சிக்குப் போவார். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்து வெயிலில் பிடிப்பார். இது அசல் வைத்தியம். நல்ல ஆட்டோமேட்டிக் ஆயில் பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. பழுப்பாகிக் கருகிய வாசனை அடித்தால் பிளேட்டுகள் வெந்திருக்கின்றன. ரோஸ்மில்க் மாதிரி கலங்கி வந்தால் கதை பெரிது: பல வண்டிகளில் இந்த ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது, அது உள்ளே உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது. வாத்தியார் முகர்வார், விரலில் தேய்ப்பார். நக்கியும் பார்ப்பார் என்று எதிர்க்கட்சி சொல்கிறது. அதை இவர் மறுத்ததில்லை.

அளவு பார்ப்பதில்தான் அவசரக்காரர்கள் தோற்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் சமதரையில் நிறுத்தி, ஓடிச் சூடான பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், பிளேட்டு வழுக்கும், டி போட்டும் வண்டி யோசித்துக்கொண்டு நிற்கும். அதற்காக ஊற்றித் தள்ளவும் கூடாது. மிஞ்சினால் நுரை கட்டி அதே கோளாறு வரும்.

இவருக்கு இப்போது ஒரு போட்டியாளனும் வந்துவிட்டான்: செல்போனில் ஸ்கேனர் வைத்திருக்கும் பையன். ஸ்டீரிங்குக்குக் கீழே எதையோ சொருகி, "அங்கிள், பி 0700 காட்டுது" என்கிறான். கூட்டம் பிரமிக்கிறது. அந்தக் கோடுக்குப் பொருள், கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு இருக்கிறது, விவரத்தை அதன் சொந்தக் கணினியில் போய்க் கேள் என்பதுதான். "இத்த நான் பெஞ்சுலேர்ந்தே சொன்னேனே" என்று வாத்தியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பையனை முழுக்கத் தள்ளவும் முடியாது. வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் கிளம்புகிறதென்றால், கணினி தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட பாதுகாப்பு நிலை அது. எந்தக் காதுக்கும் இது கேட்காது.

கடைசியில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தது டீக்கடைச் சிறுவன். "அண்ணா, சொட்டுது." ரேடியேட்டர் ஓரம் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது. சாலையில் சிவப்புக் கோடு கோட்டை வாசல் வரை போகிறது. ஹோஸை மாற்றி, சரியான ரக ஆயில் ஊற்றினால் பிக்-அப் முனகாமல் நகரும். "நான் அப்பவே சொன்னேன்ல, பிளேட்டு வழுக்குதுன்னு!" என்கிறார் வாத்தியார். மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை, டீயும் வருகிறது.

பட்டறைகளில் இதே வண்டிக்கு வேறு வசனம் உண்டு: "இறக்கிப் பாத்தாத்தான் தெரியும்." கியர்பாக்ஸை இறக்குவது ஒரு நாள். உதிரிபாகம் வருவது வேறு யுகம். முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் முற்றுகை போட்டு 1698-ல்தான் இந்தக் கோட்டைக்குள் நுழைந்தார் என்று வழிகாட்டி சொல்லும்போது, பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் மட்டும் ஆச்சரியப்படுவதில்லை. இறக்குவதற்கு முன் அடித்தட்டைக் கழற்றச் சொல்லலாம். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் சாதாரணத் தேய்மானம். உலோகத் துணுக்குகள் கிடந்தால்தான் பெரிய செலவு.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர். ஆட்டோமேட்டிக் படுத்துவிட்டால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பம்பு சுற்றாமல் கியர்பாக்ஸ் உலர்ந்தே சுழன்று, ஹோஸோடு போக வேண்டிய செலவு மொத்தமாக வளரும். வண்டியை முழுசாக மேலே ஏற்றிச் செல்லும் வாகனத்தைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை பெஞ்சில் உட்காருங்கள். வாத்தியாருக்கு ஒரு டீ சொல்லுங்கள், ஆயில் குச்சியை மட்டும் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.