கிளைக்கதை சார்

வேளச்சேரியோ, தி.நகரோ, கோவை காந்திபுரமோ, எங்கே போனாலும் ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில், ‘ஃபுல் ஸ்டாக் டெவலப்மென்ட், 100% பிளேஸ்மென்ட்’ என்று பேனர் தொங்கும் ஒரு சென்டர் இருக்கும். அங்கே இவரும் இருப்பார். கழுத்தில் ஐ.டி. கார்டு, சட்டைப் பையில் மூன்று மார்க்கர், அதில் எழுதுவது ஒன்று. டைம்டேபிளில் ‘சீனியர் டிரெய்னர்’ என்று போட்டிருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் கிளைக்கதை சார்.

சாருடைய வகுப்பு ஷேர் ஆட்டோ மாதிரி. கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். போய்ச் சேரும் நேரத்தை மட்டும் கேட்கக் கூடாது.

பக்கத்தில் படம் சேர்ப்பது எப்படி என்பது இன்றைய பாடம். போர்டில் ‘ஐ.எம்.ஜி.’ என்று எழுதி முடிப்பதற்குள் சார் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுவார். “1991ல அங்கே கம்ப்யூட்டர் லேப்ல ஒரே ஒரு காபிப் பாத்திரம்ப்பா. மாடி ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தா காலி! படிச்சவங்க என்ன செஞ்சாங்க? பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டினாங்க. உட்கார்ந்த இடத்திலிருந்தே காபி இருக்கா இல்லையான்னு பார்த்துக்கிட்டாங்க. 1993ல அதை வெப்ல ஏத்தினதும் உலகமே பார்த்தது. 2001ல கேமராவை நிறுத்தினப்போ, வேலை செய்யாத அந்தப் பாத்திரத்தை ஒரு ஜெர்மன் பத்திரிகைக்காரங்க மூவாயிரம் பவுண்டுக்கு மேல ஏலத்துல எடுத்தாங்க.” சொல்லி முடிக்கும்போது மணி 11. எல்லாருக்கும் காபி நினைப்பு வந்துவிடும். வகுப்பு டீக்கடைக்கு இடம் மாறும்.

404 பிழை நடத்தும் நாளிலும் இதே கதிதான். அங்கிருந்து 418க்குத் தாவுவார். “1998 ஏப்ரல் 1ஆம் தேதி, முட்டாள்கள் தினத்துக்குன்னே ஒரு விதிமுறை எழுதி வச்சாங்க. டீ கெட்டில்கிட்ட போய் காபி போடச் சொன்னா, ‘நான் டீ கெட்டில்’னு அது 418 அனுப்பணுமாம்!” அந்த நேரம் பார்த்து டீக்கடைப் பையன் கதவைத் தட்டுவதை இதுவரை யாரும் தற்செயல் என்று நம்பியதில்லை.

சர்வர் பாடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வருவார். செர்ன் ஆய்வகத்தில் உலகின் முதல் வெப் சர்வராக ஓடிய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரின் மேல், இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிவைத்த கதை. “நம்ம ரௌட்டர் மேலயும் ஒண்ணு ஒட்டணும். ஆபீஸ் அக்கா அதைப் பிடுங்கிட்டுத்தான் போன் சார்ஜ் போடறாங்க.”

புராஜெக்டை முடிக்க நேரம் போதவில்லை என்று யாராவது முனகினால் போதும். “1995ல பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல ஜாவாஸ்கிரிப்டைச் செஞ்சாரு. உனக்கு ஒரு லாகின் பேஜுக்கு ரெண்டு வாரம் பத்தலையா தம்பி?”

கடைசி பெஞ்சிலிருந்து பதில் வரும். “அதனாலதான் சார், ஒண்ணுமே இல்லாத ‘நல்’லோட டைப்பைக் கேட்டா அது ‘ஆப்ஜெக்ட்’டுங்குது.”

சாருக்குக் கோபம் வராது. அந்தப் பிழையை ஏன் இன்றுவரை திருத்த முடியவில்லை, திருத்தினால் எத்தனை பழைய தளங்கள் படுத்துவிடும் என்று அடுத்த கிளைக்குத் தாவிவிடுவார்.

சென்டர் ஓனருக்கு இது பொறுக்கவில்லை. மேலே நகராத சிலபஸ், கீழே டீக்கடையில் ஏறும் கணக்கு. ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: “சார், பாடத்துல பாடம் மட்டும். கதையெல்லாம் சனிக்கிழமை கடைசி அரைமணி. டைம்டேபிள்ல ‘ஜாலி ஹவர்’னு தனியா போட்டுடறேன்.”

அந்த வாரம் முழுக்க சார் பாடம் மட்டும் நடத்தினார். நோட்டு நிறைந்தது. இருவர் தூங்கினார்கள். ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகினான்.

சனிக்கிழமை வந்தது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது முகங்கள் கதைக்குத் தயார்.

“ம்... சொல்லுங்கப்பா.”

“நீங்கதான் சார் சொல்லணும்.”

“வெயில் ஜாஸ்தியாயிடுச்சு, இல்ல?”

“ஆமா சார்.”

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கதை சொல்லும் நேரம் என்று கடிகாரம் ஒதுக்கிக் கொடுத்த பிறகு, கேம்பிரிட்ஜும் வரவில்லை, செர்னும் வரவில்லை. முன் வரிசைப் பெண் பரிதாபப்பட்டு, “சார், ஒரு டிவ்வை நடுவுல நிறுத்தவே முடியலை” என்றாள்.

சார் எழுந்தார். எழுதுகிற மார்க்கர் முதல் முயற்சியிலேயே கையில் வந்தது. “பேரன்ட்டுக்கு உயரம் குடும்மா. டிஸ்பிளே ஃபிளெக்ஸ் போடு. ஜஸ்டிஃபை-கான்டென்ட் சென்டர், அலைன்-ஐட்டம்ஸ் சென்டர். இப்போ பாரு!” பெட்டி நடுவில் வந்து நின்றது. அங்கிருந்து கிரிட், அங்கிருந்து மொபைலில் பக்கம் எப்படி மடங்க வேண்டும் என்பது. ஒரு கிளைக்கதை கிடையாது, ஒரு டீ கிடையாது. ஒரு மணி நேரம் ஓடியது. ஜாலி ஹவரில் பாடம் நடப்பதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்த ஓனர், இதற்கும் திட்டலாமா என்று தெரியாமல் நின்றார்.

பாடம் நடத்த உட்கார்ந்தால்தான் சாருக்குக் கதை வரும். கதை சொல்ல உட்கார்ந்தால் பாடம் வரும். தாவுவதற்கு அவருக்கு ஒரு மரம் வேண்டும்.

இதற்குள் ஒரு மாணவிக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் ஸ்டேட்டஸ் கோடுகளைக் கேட்டார்களாம். 200, 301, 404, 500 என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, டீ கெட்டிலையும் சேர்த்துச் சொன்னாளாம். கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டாராம்.

ஓனர் வியாபாரி. சேதி காதில் விழுந்ததும் ஜாலி ஹவரை எடுத்துவிட்டார். அடுத்த பேட்ச் நோட்டீஸில் ‘இண்டஸ்ட்ரி இன்சைட்ஸ் உண்டு’ என்று ஒரு வரி ஏறியது. ஃபீஸில் ஆயிரம் ரூபாய் ஏறியது. சாருடைய சம்பளத்தில் மட்டும் இன்றுவரை 404.