திங்கட்கிழமைகளின் சார்பாக ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் அவர்கள், பணியில் உள்ள மேலாளர்களுக்கான எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. பிரிவு.

பொருள்: எங்கள் மேலாளருக்குத் தாங்கள் சனி, ஞாயிறுகளில் கற்பிப்பது திங்கட்கிழமை காலை எங்கள் தலையில் வந்து இறங்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் தங்கள் மாணவர்கள் அல்ல. தங்கள் மாணவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். கோவையில் பம்பு பாடியும் இம்பெல்லரும் வார்க்கிற நடுத்தர ஃபவுண்டரி ஒன்றின் ஷிப்ட் சூப்பர்வைசர்கள்.

‘வேலையை விடாமலே படிக்கலாம்’ என்று தங்கள் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. முழுக்க உண்மை. எங்கள் பிளான்ட் மேனேஜர் வேலையை விடவில்லை. எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறார். சேர்வதற்கு நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றீர்கள். ‘பணமாகத் தர முடியாது, வேண்டுமானால் நேரமாகத் தருகிறேன்’ என்று எம்.டி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்படித் தந்த நேரம் யாருடையது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை போலும். சனிக்கிழமையும் ஃபர்னஸில் இரும்பு உருகிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பது நாங்கள்.

இந்த ஏற்பாடு இன்றைக்கு நேற்று வந்ததல்ல என்பது தெரியும். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-லேயே சிகாகோ பல்கலைக்கழகம் வேலையில் இருப்பவர்களுக்கென்று எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கிவிட்டது. அங்கேயும் எங்களைப் போல நாலு பேர் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டிருப்பார்கள். தங்கள் சான்றிதழ் பட்டமா, பட்டயமா என்ற வம்புக்கும் நாங்கள் வரவில்லை. 1961-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.கள்கூட 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளமோதான் கொடுத்துவந்தன. அதை வாங்கியவர்கள் யாரும் கெட்டுப்போய்விடவில்லை. எங்கள் சங்கடம் காகிதத்தில் இல்லை, கிழமையில் இருக்கிறது.

தங்கள் பாடத்திட்டம் எங்களிடம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை ஒன்பது மணிக் கூட்டம் ஆரம்பித்த ஐந்தாம் நிமிடத்தில், போன வாரம் எந்தப் பேராசிரியர் வந்து போனார் என்று சொல்லிவிடுவோம். மைக்கேல் போர்ட்டரின் ஐந்து விசைகள் வந்த வாரம், பழைய இரும்பு கொடுக்கும் வியாபாரி திடீரென்று ‘பேரம்பேசும் வலிமை கொண்ட விசை’ ஆகிவிட்டார். அவரிடம் ஏற்கெனவே மூன்று மாத பாக்கி. விசை அன்று மாலையே லோடை நிறுத்திவிட்டது. பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு வந்த வாரம், நாலு நிறத்தில் நாலு பலகை மாட்டினோம். ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையை எந்தப் பலகையில் எழுதுவது என்ற விவாதத்தில் ரிஜெக்‌ஷன் ஏறியது.

இதிலெல்லாம் பெரிய ரகளை, பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் நாலு கட்டத்தால் வந்ததுதான். 1970-இல் புரூஸ் ஹெண்டர்சன் எழுதிப் பரப்பியது: நட்சத்திரம், கறவைப் பசு, கேள்விக்குறி, நாய். சந்தையில் பங்கு எவ்வளவு, சந்தை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்து நிறுவனத்தின் பொருட்களைப் பிரிக்க வேண்டிய கட்டங்கள் அவை. எங்கள் மேனேஜர் உற்சாகத்தில் பொருட்களோடு நிற்காமல் டிபார்ட்மென்ட்டுகளையும் பிரித்துவிட்டார். விவசாயிகள் வாங்கும் பழைய மோனோபிளாக் பம்பு பசுவானது. ஏற்றுமதி வால்வு நட்சத்திரம். வார்ப்புக்குள் வெற்றிடம் விட மணல் அச்சு செய்கிற கோர் ஷாப் நாய். பலகையில் எழுதி, அம்புக்குறியும் போட்டு வைத்தார். மத்தியானம் கேன்டீனில் கோர் ஷாப் அக்கா ஒருவர், “ஏனுங்க, சார் நம்மள நாயிங்கறாருங்களா?” என்று கேட்டார். மேற்கத்திய மேலாண்மையில் நாய் என்பது குறைந்த வளர்ச்சியும் குறைந்த சந்தைப் பங்கும் கொண்ட வணிகத்தைக் குறிக்கும் என்று விளக்கினோம். அந்த விளக்கத்துக்குப் பிறகு இரண்டு நாள் கோர் வரவில்லை. கோர் இல்லாவிட்டால் பம்பு பாடிக்குள் தண்ணீர் போகும் வழியே இல்லை. பசு, நட்சத்திரம் எல்லாம் வெறும் இரும்புக் கட்டிதான். இந்தச் செய்தியைத் தங்கள் பேராசிரியருக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

குறை மட்டும் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷன்ஸ் பாடம் நடந்த பருவத்தில் எலியாஹு கோல்ட்ராட்டின் ‘தி கோல்’ நாவலைப் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். 1984-இல் வந்தது. ஒரு தொழிற்சாலையின் வேகம் அதன் மிகத் தாமதமான இடத்தின் வேகம்தான் என்பது அதன் சாரம். ஞாயிறு இரவே மேனேஜர் எங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பினார்: “நம்ம பாட்டில்நெக் ஃபெட்லிங்தான்!” திங்கள் முழுக்க, வார்ப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற ஃபெட்லிங்கில் நின்றார், காஸ்டிங் மலைபோலக் குவிந்து கிடப்பதைப் பார்த்தார், கூடுதலாக இரண்டு கிரைண்டருக்கு ஆர்டர் போட்டார். அதற்குப் பிறகு டிஸ்பேட்ச் உண்மையிலேயே சீரானது. தங்களுக்கு நன்றி. இதையே நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தோம் என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறோம். நாங்கள் இலவசமாகச் சொன்னோம், அதுவும் நின்றுகொண்டே சொன்னோம். லட்சங்கள் கட்டி, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கேட்டால்தான் சில விஷயங்கள் காதில் ஏறும் என்றால், அந்தச் சேவையை நாங்கள் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

அதற்கடுத்து அரவிந்த் வந்தது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய கண் மருத்துவமனை பற்றி, கஸ்தூரி ரங்கன் ஹார்வர்டுக்காக 1993-இல் எழுதிய கேஸ் ஸ்டடி. அறுவை அரங்கில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டரின் நேரம் வீணாகாது. பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கும். அற்புதமான கதை, மறுக்கவே மாட்டோம். மேனேஜர் கண்கள் பளபளக்கச் சொன்னார். நகல் எடுக்கக் கூடாது என்று போட்டிருப்பதால், தாளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கேட் செக்யூரிட்டி அய்யா மட்டும் அசரவில்லை. “அங்கதானுங்க நான் லென்ஸ் வெச்சுட்டு வந்தேன், அவிநாசி ரோட்டுல” என்றார். கோவையில் அரவிந்த் இருக்கிறது ஐயா. கட்டணத்தில் பஸ் டிக்கெட் காசைக் கழித்துக்கொண்டு, தங்கள் வகுப்பு மொத்தத்தையும் ஒரு காலைப் பொழுது அங்கே வரிசையில் நிற்க வைத்திருக்கலாம். மதுரைச் செய்தி கோவைக்கு பாஸ்டனைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டுமா?

இது நாங்களாகக் கண்டுபிடித்த குதர்க்கம் இல்லை. கனடாவில் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற மேலாண்மைப் பேராசிரியரே 2004-இல் எம்.பி.ஏ. படிப்புகளைச் சாடி ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 1996-இல், சில நாட்டுக் கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து வேறு மாதிரி ஒரு படிப்பைத் தொடங்கினார், பெங்களூர் ஐ.ஐ.எம்.மும் அதில் ஒரு பங்காளி. அதில் படிக்கிற மேலாளர்கள் ஒருவர் மற்றவருடைய பணியிடத்துக்குப் போய்ச் சில நாள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். தங்கள் வகுப்பில் எங்கள் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி ஒரு வங்கி அதிகாரியுடையது என்று கேள்விப்பட்டோம். இரண்டு பேரும் சேர்ந்து கோடாக் ஏன் கவிழ்ந்தது என்று நாற்பது ஸ்லைடு போட்டார்களாம். அந்த அதிகாரியை ஒரு வாரம் இங்கே அனுப்புங்கள். மின்சாரக் கட்டணத்துக்கும் சம்பளத் தேதிக்கும் நடுவே ஒரு ஃபவுண்டரி எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்தால், வொர்க்கிங் கேப்பிட்டல் பற்றி அவருக்கும் தனிப் பாடம் தேவைப்படாது. டீயும் பப்ஸும் எங்கள் செலவு. நெட்வொர்க்கிங் என்று தாங்கள் தனிக் கட்டணம் போட்டுத் தரும் விருந்தில் கைமாறுவது விசிட்டிங் கார்டுதான்.

அந்த கார்டுகளைப் பற்றித்தான் எங்களுக்கு உண்மையான பயம். மேனேஜர் வங்கிக் கடனில் படிக்கிறார். பழைய வருமான வரி முறையில் இருந்தால் வட்டிக்குக் கழிவு உண்டு, அசலுக்கு இல்லை. அசலை அடைக்க வேண்டுமென்றால் சம்பளம் ஏற வேண்டும். சம்பளம் ஏற, சுருக்கு வழி வேறு கம்பெனிக்குப் போவதுதான். தங்கள் கையேட்டில் ‘முன்னாள் மாணவர்களின் முன்னேற்றம்’ என்ற பக்கத்தில் இருக்கும் புகைப்படங்களில் பாதிப்பேர் கம்பெனி மாறியவர்கள். எம்.டி. பணம் தராமல் நேரம் மட்டும் தந்தது ஏன் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. மேனேஜர் போனால் வருத்தப்படுவோம். இப்போதுதான் ஃபெட்லிங் பக்கம் வரப் பழகியிருக்கிறார். அதைவிட, அவர் இடத்துக்கு வருபவரும் தங்களிடம் முதல் பருவத்திலிருந்து சேர்வார். கோர் ஷாப் மறுபடியும் நாயாக வேண்டும்.

ஆகவே, கட்டணக் குறைப்போ சான்றிதழோ நாங்கள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான். வரும் பருவத்தின் கால அட்டவணையில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ‘நெகோஷியேஷன்’ வகுப்பு இருப்பதாக மேனேஜரின் நாட்காட்டியில் பார்த்தோம். 1981-இல் ஃபிஷரும் யூரியும் எழுதிய புத்தகம், பேச்சு முறிந்தால் கையில் என்ன மாற்று வழி இருக்கிறது என்பதை முதலில் கணக்கிடு என்கிற ‘பாட்னா’ தத்துவம், ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒத்திகை எல்லாம் உண்டாம். அதே வாரம்தான் இங்கே போனஸ் பேச்சுவார்த்தை. சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20-க்கு மேல் போகக் கூடாது. நடுவே உள்ள தூரத்தை எங்கள் யூனியன் செயலாளரும் மேனேஜரும் வருஷாவருஷம் நாலு டீயில் கடந்துவிடுவார்கள். செயலாளர் எந்த வகுப்புக்கும் போனதில்லை. அவருடைய மாற்று வழி என்னவென்று ஃபர்னஸ் பக்கம் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் புதுப் பாடத்தோடு வந்து அதைச் சோதித்துப் பார்க்கும் நிலை வரக் கூடாது. அந்த வகுப்பைக் கார்த்திகைக்குத் தள்ளிவைத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்று ஷிப்ட் சூப்பர்வைசர்கள்

நகல்: கோர் ஷாப் (பலகையில் ஒட்டுவதற்கு)