சோப்பும் சங்கேதமும்

கேள்வி: நவஹோ பழங்குடிப் பிள்ளைகளை அமெரிக்க அரசு விடுதிப் பள்ளிகளில் படிக்கவைத்தது நல்லதுக்குத்தானே?

பதில்: படிப்புச் சொல்லித்தர வாயைக் கழுவ வேண்டுமா என்ன? 1868-ல் நவஹோக்களுடன் செய்த ஒப்பந்தத்தில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வாக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்ததோ, பெற்றோரிடமிருந்து பிரித்த விடுதி. போனதும் முடியை வெட்டி, ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். செஸ்டர் நெஸ் என்ற நவஹோ சிறுவனுக்குச் செஸ்டர் என்பதே பள்ளி வைத்த பெயர்தான். தாய்மொழி பேசியதற்காக அவன் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். 1942-ல் அமெரிக்க மரைன் படையினருக்குப் போர்ச் சங்கேதம் தேவைப்பட்டபோது, எந்த மொழியைத் தேடி வந்தார்கள் தெரியுமா? கழுவிய அதே மொழியை! அதில் சங்கேதம் அமைத்த 29 பேரில் நெஸ்ஸும் ஒருவர். ஜப்பானியரால் அதை உடைக்கவே முடியவில்லை.

வாயைக் கழுவாமலும் படிப்புச் சொல்லித்தர முடியும்: 1966-ல் அரிசோனாவின் ரஃப் ராக்கில் நவஹோக்களே பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். இரு மொழியிலும் பாடம். விடுதியில் பிள்ளைகளைக் கவனிக்க ஊர்ப் பெற்றோர்களே!