தெரிந்தவர் எதிர்ப்படுதல்: கும்பகோணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாத ஒரு நிகழ்வை இக்கட்டுரை ஆராயப் புகுகிறது. ஒரு மனிதர் பாதி மழித்த முகமும் சாயம்போன கைலியுமாக, பிளேடு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போகிறார். அங்கே, போன வாரம் அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுப் பெரியவர் சில்லறைக்காகக் காத்து நிற்கிறார். சென்னையில் இதைத் தற்செயல் என்பார்கள். கும்பகோணத்தில் இதற்கு விதி உண்டு, எழுதிவைக்கத்தான் ஆளில்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

முதலில் களத்தின் எல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேரைத் தாண்டிய ஊர் முதல் வகுப்பு நகரம். 2011 கணக்குப்படி கும்பகோணத்தில் 1,40,000-க்குச் சற்று மேல். 1866-இல் நகராட்சி, 2021-இல் மாநகராட்சி. இவை அரசாங்கத்துக்குப் போதும், நமக்குப் போதா. ஊர்களை ஒளிவு மறைவின் அடிப்படையில் பகுப்பதே அறிவியல் முறை. கிராமத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அங்கே யாரும் ஒளிய முயல்வதில்லை. பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கூரியர்க்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே அங்கே ஒளியத் தேவையில்லை. தன்னை யாருக்கும் தெரியாது என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்க, அவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கும் ஊர் எதுவோ, அது சிறுநகரம். மாநகராட்சிப் பலகை மாட்டியதால் இதில் ஒரு மாற்றமும் நேரவில்லை.

ஆய்வு முறைக்குப் ‘பால் வாங்கப் போதல்’ என்று பெயரிட்டுள்ளேன். ஆய்வாளர் அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கக் கிளம்புவார். அவர் திரும்பும் நேரத்தை வீட்டில் இருப்பவர் குறித்துக்கொள்வார். பால் திரிந்திருந்தால் அன்றைய தரவு செறிவானது. இம்முறையில் அறிவியல் நேர்மை இல்லை என்று என் மனைவி கருதுகிறார். பிறர் கருத்துக்கு இடமளிப்பது ஆய்வு நெறி என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

இனிக் கணக்கு. ஒரு மனிதர் உருப்படியாகப் பழகக்கூடியவர் சுமார் 150 பேர் என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பர் 1990-களின் தொடக்கத்தில், குரங்கினங்களின் மூளை அளவைக் கொண்டு கணித்தார். அதை நம்பினால், 1,40,000 பேர் கொண்ட ஊரில் ஏறத்தாழ 930 பேரைக் கடந்தால்தான் ஒரு தெரிந்த முகம் வர வேண்டும். மகாமகக் குளத்து வடகரையிலிருந்து பெரிய தெரு வரை நடந்து பாருங்கள். பாதி வழிக்குள் டன்பர் பொய்த்துவிடுவார். அவர் மேல் பிழையில்லை; அவர் எண்ணியது பழக்கத்தை. கும்பகோணத்தில் ஒருவரைத் தெரிந்திருக்கப் பழகியிருக்க வேண்டியதில்லை. அவருடைய அண்ணன் உங்கள் சித்தப்பாவோடு பாணாதுறைப் பள்ளியில் படித்திருந்தால் போதும். அல்லது ஒரே மருந்துக் கடையில் ஒரே சர்க்கரை மாத்திரையை மாதாமாதம் வாங்கினால் போதும். மாத்திரை ஒன்றானவர்களிடையே வளரும் உறவு சம்பந்தி உறவைவிட நீடித்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த காரணம் புவியியல் சார்ந்தது. ஊர் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்திருக்கிறது. போக்கிடங்கள் சொற்பம். துணிக்கும் பாத்திரத்துக்கும் பெரிய தெருப் பக்கம், மொத்தமாகக் காய்கறி என்றால் தாராசுரம் மார்க்கெட், பிரதோஷம் என்றால் கும்பேசுவரர் அல்லது நாகேசுவரர். எல்லோரும் மாலை வெயில் தாழ்ந்துதான் கிளம்புகிறார்கள். சென்னையில் லட்சம் பேர் லட்சம் இடத்துக்குப் போகிறார்கள். இங்கே லட்சம் பேரும் பத்து இடத்துக்குத்தான் போகிறார்கள். இதில் மோதிக்கொள்ளாமல் திரும்பினால்தான் ஆய்வு செய்ய வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1967-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நெப்ராஸ்காவிலும் கன்சாஸிலும் இருந்த சிலரிடம் ஓர் உறையைக் கொடுத்து, மாசசூசெட்ஸில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரிந்தவர் வழியாகவே கொண்டுசேர்க்கச் சொன்னார். போய்ச் சேர்ந்த உறைகள் சராசரியாக ஐந்தாறு கை மாறியிருந்தன. உலகமே வியந்தது. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மாயவரம் பஸ்ஸுக்கு நிற்கும் இருவர் மூன்று கேள்வியில் இதை முடித்துவிடுவார்கள். “எந்தத் தெரு?” “மடத்துத் தெரு.” “யார் வீட்டுக்குப் பக்கம்?” பதில் வருகிறது. “அப்போ அந்த எல்.ஐ.சி.காரரோட மாப்பிள்ளையா நீங்க?” அவ்வளவுதான். பஸ் அதற்குப் பிறகுதான் வரும். என் கணிப்பில் கும்பகோணத்தின் சராசரி இடைநபர் எண்ணிக்கை ஒன்றரை. அந்த அரை ஆள், “எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே” என்று சொல்பவர்.

மேற்கண்டவை யாவும் பொது விதி. சிறப்பு விதியை நூற்பாவாகவே யாத்துள்ளேன்:

மறைந்து செல்வோன் முன்னர்த் தெரிந்தோர்
நிறைந்து தோன்றல் சிறுநகர்க் கியல்பே.

இதன் உரை: ‘மறைந்து’ என்றதனால், தலைவாரிப் பட்டுக்கரை வேட்டி கட்டி, புதுக் கார் ஓட்டிச் செல்வோர்க்கு இவ்விதி பொருந்தாது என்க. அவர் ஊரை மூன்று முறை சுற்றினும் ஒரு நாயும் ஏறிட்டுப் பாராது. ‘நிறைந்து’ என்றது, ஒருவரல்லர், குடும்பத்தோடு வருவர் என்பதை உணர்த்திற்று. அடகுக் கடைப் படி, வேலை நாளில் காலைக் காட்சி வரிசை, தோல் மருத்துவர் வாசல், டாஸ்மாக் பின்வழி ஆகியவை இவ்விதி தன் முழு வலிமையோடு செயல்படும் இடங்கள்.

இவ்விதியிலிருந்து தப்ப ஊர் மக்கள் கையாளும் உத்தி, வெளியூர் போதல். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், சொல்ல விரும்பாத ஓர் உபாதைக்காக, 40 கிலோமீட்டர் கடந்து தஞ்சாவூரில் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனார். காத்திருப்போர் அறையில் எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே நேரத்தில், “இங்க மாமாவைப் பார்க்க வந்தேன்” என்றார்கள். பின்னர் டோக்கன் எண் அழைக்கப்படும் வரை பருத்தி விலை பற்றிப் பேசினார்கள். இருவருக்கும் வயல் கிடையாது. குடிப்பவர் நிலை இன்னும் பரிதாபம். மரியாதைக்காக இவர் பாபநாசம் போகிறார். அதே மரியாதைக்காகப் பாபநாசத்துக்காரர் கும்பகோணம் வருகிறார். இரண்டு பைக்கும் வழியில் வணக்கம் சொல்லிக்கொள்கின்றன.

அப்படியானால் எவ்வளவு தூரம் போனால் பாதுகாப்பு? இதற்கு விடையறிய, இவ்வூர் தந்த மிகச் சிறந்த கணக்காளரையே அணுகினேன். சீனிவாச ராமானுஜன் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றதில் மனம் செல்லாமல் தோற்று, உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் ஓடிப்போனார். ஓடிய இடம் விசாகப்பட்டினம். ஏன் விசாகப்பட்டினம்? ரயில் ஏறினால் தஞ்சாவூர் பக்கம், திருச்சி பக்கம், சென்னையும் ஓரிரவு. கல்லூரியில் தோற்ற பையனை, “தம்பி, எந்த வருஷம் படிக்கறே இப்போ?” என்று கேட்க அங்கெல்லாம் ஆளிருப்பார்கள் என்பதை அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். எண்களின் விஷயத்தில் அவருக்கு இருந்த உள்ளுணர்வை நாம் சந்தேகிப்பது அழகல்ல.

எதிர்ப்பட்டபின் நிகழ்வது ஒரு வினா: “என்ன சார், இந்தப் பக்கம்?” உங்கள் தெருவிலேயே, உங்கள் வீட்டு வாசலுக்கு எதிரேயே இது கேட்கப்படலாம். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். இதை அறியா வினா என்று கொள்ள முடியாது. கையில் உள்ள பையைப் பார்த்தே நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஐய வினாவும் அன்று. அவருக்கு ஐயமே இல்லை. கொளல், கொடை, ஏவல் எதிலும் சேராது. ஆகவே அறி வினா என்பாரும் உளர். விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது போன்றதுதானே என்பது அவர் வாதம். ஒரு வேறுபாடு உண்டு. ஆசிரியர் சோதிப்பது மாணவன் அறிவை. இங்கே சோதிக்கப்படுவது உங்கள் வாய்மை. நீங்கள் சொல்வது சாயங்காலம் வேறு வழியாகவும் அவருக்கு வந்து சேரும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அடுத்த முறை வினா மாறிவிடும்: “என்ன சார், அன்னைக்கு ஆத்துப்பக்கம் போறேன்னீங்க?”

உரையாடல் எவ்வளவு நேரம் நீளும் என்பதை முன்கூட்டிக் கணிக்க இயலும். இதுவே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு என்று தன்னடக்கத்துடன் சொல்வேன். வந்தவர் ஸ்கூட்டரின் என்ஜினை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிப் பேசினால் இரண்டு நிமிடம். விஷயம் விசாரிப்பு மட்டும். என்ஜினை அணைத்தால் பத்து நிமிடம். யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். சைடு ஸ்டாண்டு போட்டால் சொத்து விவகாரம். கால வரையறை இல்லை. அவர் வண்டியைப் பின்னால் இழுத்து, மூச்சைப் பிடித்துச் சென்டர் ஸ்டாண்டு போட்டாரேயானால், உங்களிடம் ஜாதகம் கேட்கப் போகிறார். வீட்டுக்குப் போன் செய்து பாலுக்கு வேறு ஏற்பாடு பண்ணச் சொல்லிவிடுங்கள். விதிவிலக்கு ஒன்று: என்ஜின் ஓடியபடியே இருக்க, இருக்கையைத் தட்டி, “ஏறுங்க, ஒரு காபி சாப்பிடலாம்” என்பவர். இவர் பணம் கேட்பார்.

காபி வந்தபின் யார் பணம் கொடுப்பது என்ற பூசல் பழைய பொருள், பலரும் எழுதிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருப்பது கல்லாவின் மேல் உட்கார்ந்து, வந்த தொகையை உரக்கக் கூவும் பெட்டி. முன்பெல்லாம் ஒருவர் இரண்டு காபிக்குத்தான் கொடுத்தாரா, மூன்றாவது ஒருவரும் இருந்தாரா என்பதைக் கடைக்காரர்தான் அறிவார். இப்போது நடைபாதையில் செருப்புத் தைப்பவர் வரை அறிகிறார்கள்.

பெருநகரத்தார் தம்மைக் காத்துக்கொள்ள ஒருவித அலட்சியத்தை வளர்த்துக்கொள்கிறார்கள் என்று 1903-இல் ஜெர்மானியச் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல் எழுதினார். அந்த அலட்சியத்தை இங்கே மாற்றலாகி வந்த வங்கி அதிகாரிகளிடம் மட்டும் காணலாம். அதுவும் ஆறு மாதம். அதற்குள் அவர்களுக்குக் கொழுந்து வெற்றிலை எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. அந்தக் கடைக்காரருக்கு அவர்கள் வீட்டு வாடகை தெரிந்துவிடுகிறது. தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களே நகரத்துக்குப் பாதுகாப்பு என்று நியூயார்க்கை மனத்தில் வைத்து 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ் வாதிட்டார். சரிதான். பாலக்கரையில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்தால், ஆம்புலன்ஸ் வருமுன் அவர் மச்சானுக்குச் செய்தி போய்விடுகிறது. ஆனால் ஜேக்கப்ஸ் கண்களைப் பற்றி மட்டும்தான் சொன்னார். இங்கே கண்ணுக்கு ஒரு வாய் வீதம் இருக்கிறது. வகுப்புத் தோழனோடு ஜூஸ் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்ற கல்லூரிப் பெண் வீடு திரும்புமுன், அந்த ஐந்து நிமிடம் அரை மணியாக வளர்ந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். கைலியோடு பிடிபட்ட ஆண் அடுத்த நாள் சிரித்துக்கொள்ளலாம். அவளுக்குப் படிப்பே நின்றுபோகலாம். இந்த ஆய்வில் எனக்குச் சிரிப்பு வராத பகுதி இது ஒன்றுதான். ஊரைப் பிடிக்கும் என்பதற்காக இதை விட்டுவிட மனமில்லை.

ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகத்துக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்களே, அப்போதாவது இவ்விதி தளர வேண்டாமா என்பர். 2016 அனுபவம் அதற்கு நேர்மாறு. அந்நியர் கூட்டம் பெருகியது உண்மை. கூடவே மும்பை, பெங்களூர், துபாய் என்று போய்விட்ட ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் புண்ணியத்துக்கும் இலவசத் தங்கலுக்கும் திரும்பியதால், தெரிந்தவர் எண்ணிக்கை அதைவிட வேகமாகப் பெருகியது. இருபது ஆண்டுக்கு முன் கைமாற்று வாங்கியவரும் கொடுத்தவரும் குளத்தின் ஒரே படியில் முழுகி எழுந்ததாகச் சொல்கிறார்கள். 2028 மகாமகத்தில் இதை முறையாக அளக்க உத்தேசம். நிதி நல்குவோர் முன்வரலாம்.

இறுதியாக, கட்டுரை அச்சேறும் முன் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும் என்பது மரபு. இது அவ்வாறு உட்பட்டது. கையெழுத்துப் பிரதியை வேண்டுமென்றே என் வீட்டுக்கு எட்டாத மேலக்காவேரிப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்திருந்தேன். அடித்துக்கொண்டே வந்த கடைக்காரர் பாதியில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“சார், இந்தத் தஞ்சாவூர் டாக்டர் விஷயத்துல வர்ற எதிர்வீட்டுக்காரர் எங்க சின்ன மாமனார்தான். அவரு ஒண்ணும் மாமாவைப் பார்க்கப் போகல சார், மூலம்.”

தகவலுக்கு நன்றி சொல்லி, அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

“நீங்க எதுக்கு வந்திருந்தீங்கன்னும் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு வந்து சொன்னாரு,” என்றார் அவர். “அதையும் சேர்த்து அடிச்சுடவா?”